தோட்டத்தில் நிற்கும் ஜோன்

ஜோன் ஆஃப் ஆர்க் என்ற பெயரைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் உருவம் கவசமும் கொடியும் குதிரையும் கொண்டது. 1429-ஆம் ஆண்டு ஓர்லேயான் நகரின் முற்றுகையை உடைத்துப் பிரெஞ்சு அரசனுக்கு முடி சூட வழி செய்து கொடுத்த பெண் என்பதால், ஓவியர்களும் சிற்பிகளும் பெரும்பாலும் அவளைப் போர்க்கோலத்திலேயே படைத்திருக்கிறார்கள். பாரிஸில் 1874-இல் நிறுவப்பட்ட எமானுவேல் ஃப்ரெமியேயின் பொன்முலாம் பூசிய சிலையில் அவள் குதிரை மீது அமர்ந்து கொடியை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். புதுச்சேரியில் கப்ஸ் கோயில் எனப்படும் தேவாலயத்துக்கு எதிரே உள்ள சிலையிலும் கவசமும் கொடியுமாகவே நிற்கிறாள். இந்த வரிசையிலிருந்து முற்றிலும் விலகி நிற்கும் ஓர் ஓவியம் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜூல் பாஸ்தியன்-லெபாஜ் என்ற பிரெஞ்சு ஓவியர் 1879-இல் தீட்டிய அந்த ஓவியத்தில் போர்க்களமோ ஆயுதம் தாங்கிய மனிதர்களோ இல்லை. ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பெண் நிற்கிறாள், அவ்வளவுதான். ஆயினும் போரைப் பற்றி நான் பார்த்த ஓவியங்களில் மிக உண்மையானது இதுவே என்று நினைக்கிறேன். அதற்கான காரணங்களை விரிவாக எழுதிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஓவியத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டரை மீட்டர் உயரமும் ஏறத்தாழ 2.8 மீட்டர் அகலமும் கொண்ட பெரிய துணி அது. ஆகவே ஜோன் ஏறக்குறைய ஆளுயரத்துக்கு நம் முன் நிற்கிறாள். அவள் ஓவியத்தின் நடுவில் இல்லை, வலப்பக்கமாக, ஒரு மரத்தை ஒட்டி நிற்கிறாள். உழைக்கும் பெண்கள் அணியும் மங்கலான பழுப்புப் பாவாடை, முன்புறம் கயிறிட்டுக் கட்டும் மேற்சட்டை. ஒரு கை முன்னே நீண்டு இலைகளைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எதையோ பறிப்பதற்காக நீட்டிய கையாக அது தெரியவில்லை. என்ன செய்கிறோம் என்ற நினைவே இல்லாமல் நீண்டுவிட்ட கை. முகம் சற்றே உயர்ந்து, வெளிறிய நீலக் கண்கள் நம்மைத் தாண்டி எங்கோ பதிந்திருக்கின்றன. அவளுக்குப் பின்னால் நூல் வேலைக்கான மரக்கருவி ஒன்று நிற்க, அவள் உட்கார்ந்திருந்த முக்காலி கவிழ்ந்து கிடக்கிறது. மேலும் பின்னால் வீட்டின் சுவர். அந்தச் சுவருக்கு முன், செடிகொடிகளுக்கு இடையில், பாதி காற்றாகவும் பாதி ஒளியாகவும் மூன்று உருவங்கள் மிதக்கின்றன: பொற்கவசம் அணிந்து வாளோடு தோன்றும் வானதூதரான தூய மிக்கேல், அவருடன் மார்கரெட், கேதரின் என்ற இரு பெண் புனிதர்கள். அந்த இருவரில் ஒருவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டிருக்கிறார்.

தோட்டத்தை ஓவியர் தீட்டியிருக்கும் விதத்தை நேரில்தான் உணர முடியும். அச்சுப் படங்களில் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு பரப்பாகத் தெரிவது, அருகில் சென்றால் தனித்தனி இலைகளாகவும் களைகளாகவும் உலர்ந்த தண்டுகளாகவும் பிரிகிறது. வெயிலின் கடுமையோ ஆழ்ந்த நிழலோ இல்லை. மேகம் மூடிய பகலில் எல்லாப் பொருள்கள் மீதும் சமமாக விழும் ஒளியே துணி முழுவதும் பரவியிருக்கிறது. இலைகளைத் தடித்த, வேகமான தூரிகை வீச்சுகளால் தீட்டியவர், முகத்துக்கு வந்ததும் வீச்சே தெரியாத அளவுக்கு மென்மையாக வேலை செய்திருக்கிறார். ஆகவே அத்தனை செடிகளுக்கு நடுவிலும் கண் மீண்டும் மீண்டும் அந்த முகத்துக்கே திரும்புகிறது.

ஜோன் 1412-ஆம் ஆண்டு வாக்கில் கிழக்குப் பிரான்ஸில் லொரேன் எல்லையை ஒட்டிய டோம்ரெமி என்ற சிற்றூரில் பிறந்தாள். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையிலான நூறாண்டுப் போர் அவள் பிறப்பதற்கு முன்பே பல தலைமுறைகளைத் தின்றிருந்தது. 1420-இல் த்ருவா உடன்படிக்கை பிரெஞ்சு அரசுரிமையை இங்கிலாந்து அரசனுக்குக் கையளிக்க, பர்கண்டிப் பிரபுக்கள் ஆங்கிலேயரோடு சேர்ந்துகொண்டார்கள். டோம்ரெமி பிரெஞ்சு இளவரசனுக்கு விசுவாசமாக இருந்த ஊர். சுற்றிலும் பர்கண்டியின் ஆதரவு நிலங்கள். 1428-இல் படைகள் நெருங்கியபோது ஜோனின் குடும்பம் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு அருகிலிருந்த நெஃப்ஷாத்தோ நகரத்துக்குத் தப்பிச் செல்ல நேர்ந்தது. ஆகவே போர் என்பது அவள் பின்னாளில் தேடிச் சென்று கண்ட ஒன்றல்ல. அது அவளுடைய வீட்டு வாசல் வரை வந்துகொண்டேதான் இருந்தது. ஓவியத்தில் காணும் அமைதியான தோட்டமும் அப்படிப்பட்ட ஒரு காலத்தின் தோட்டம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

அந்தத் தோட்டம் ஓவியரின் கற்பனையும் அல்ல. பிடிபட்டு ஆங்கிலேயர் வசம் போன ஜோன் மீது ருவான் நகரில் திருச்சபை விசாரணை நடந்தபோது, 1431 பிப்ரவரி 22 அன்று, அவள் தன் வாயாலேயே அதைச் சொல்லியிருக்கிறாள். தனக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது முதன்முதலாகத் தன்னை வழிநடத்திய தெய்வீகக் குரலைக் கேட்டதாகவும், அது கோடைக்காலம் என்றும், நண்பகல் வேளை என்றும், தந்தையின் தோட்டத்தில் இருந்ததாகவும், மிகவும் அஞ்சியதாகவும் அவள் கூறினாள். குரல் தன் வலப்பக்கத்திலிருந்து, தேவாலயம் இருக்கும் திசையிலிருந்து வந்தது என்றும், பெரும்பாலும் ஒளியுடனேயே வந்தது என்றும் சொன்னாள். இந்த விசாரணை ஏடுகளை ஜூல் கிஷெரா என்ற அறிஞர் 1841 முதல் 1849 வரை ஐந்து தொகுதிகளாகப் பதிப்பித்தார். அதற்குப் பிறகுதான் ஜோனின் சொந்தச் சொற்கள் பரவலாகப் படிக்கக் கிடைத்தன. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஓவியத்தைப் பார்த்தால் ஒன்று தெரியும்: நமக்கு இடப்பக்கம் தோன்றும் அந்த மூன்று உருவங்களும் நம்மை நோக்கி நிற்கும் ஜோனுக்கு வலப்பக்கம் இருக்கின்றன.

அதே நாளின் விசாரணையில் இன்னொரு கேள்வியும் வருகிறது. இளமையில் ஏதாவது கைத்தொழில் கற்றாயா என்று கேட்கிறார்கள். தைக்கவும் நூற்கவும் கற்றேன் என்கிறாள் ஜோன். அதோடு நிற்காமல், தையலிலும் நூற்பிலும் ருவான் நகரத்துப் பெண் எவளுக்கும் நான் சளைத்தவள் அல்லள் என்ற பொருள்பட ஒரு பெருமிதப் பதிலையும் சேர்க்கிறாள். அத்தனை கற்றறிந்த குருமார்கள் சுற்றி அமர்ந்திருக்க, உயிர் போகும் வழக்கில் நிற்கும் ஒரு பத்தொன்பது வயதுப் பெண், தான் வென்ற போர்களைப் பற்றி அன்றி, தன் நூற்புத் திறமையைப் பற்றி அவ்வாறு பெருமைகொள்கிறாள். அந்த ஏடுகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அவளுடைய மரணத்துக்குப் பின் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அவளைக் குற்றவாளியாக்கிய தீர்ப்பை நீக்குவதற்காக நடந்த மறுவிசாரணையில், அவளோடு டோம்ரெமிக்கு அருகிலுள்ள வோகுலேர் நகரிலிருந்து அரசனைக் காணப் புறப்பட்ட ஜான் த மெட்ஸ் என்ற வீரர் சாட்சி சொன்னார். அரசனிடம் போயே தீர வேண்டும், இந்த நாட்டை மீட்க என்னைத் தவிர வேறு துணை இல்லை என்று அவள் வற்புறுத்தியதைக் கூறிய அவர், அதே மூச்சில் அவள் சொன்ன மற்றொன்றையும் நினைவுகூர்ந்தார்: என் ஏழைத் தாயின் அருகில் அமர்ந்து நூல் நூற்பதையே நான் விரும்புவேன், இது என் நிலைக்குரிய வேலை அன்று; ஆனாலும் போகத்தான் வேண்டும். டோம்ரெமியிலிருந்து வந்த தோழி மாங்ஷெத்தும் தானும் ஜோனும் சேர்ந்து நூற்றதுண்டு என்று அதே மறுவிசாரணையில் சொல்லியிருக்கிறாள்.

இவற்றை அறிந்த பிறகு அந்தக் கவிழ்ந்த முக்காலியைப் பார்க்கும்போது, ஓவியத்தின் முழுப் பாரமும் அதன் மீது இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மெல்ல எழுந்து வைத்த முக்காலி அல்ல அது. அவள் திடுக்கிட்டு எழுந்திருக்கிறாள். சில அடிகள் நடந்திருக்கிறாள். மரம் தடுத்ததால் நின்றிருக்கிறாள். முக்காலிக்கும் மரத்துக்கும் இடையில் உள்ள அந்தச் சில அடிகளே, நூற்பதையே விரும்பிய ஒரு சிறுமி அந்த வேலையை விட்டு எழுந்து சென்ற தூரம். போர் ஒருவரை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதைக் குதிரைகளும் பிணங்களும் நிறைந்த பெரும் போர்க்கள ஓவியங்கள் காட்டுவதில்லை. அவை போரின் நடுவில் தொடங்கிவிடுகின்றன. பாஸ்தியன்-லெபாஜ் போர் அவளைத் தொட்ட முதல் நொடியைத் தீட்டினார். அந்த நொடியில் அவள் விட்டுவிட்டு வந்த வேலையையும் அருகிலேயே வைத்தார்.

ஜோனின் உண்மையான முகம் நமக்குத் தெரியாது. அவள் உயிரோடிருந்த காலத்தில் வரையப்பட்டு நம் கைக்கு எட்டியிருப்பது ஒரே ஒரு சிறு கோட்டுருவம்தான். ஓர்லேயான் மீட்கப்பட்ட செய்தி பாரிஸ் வந்தடைந்ததும், 1429 மே 10 அன்று, பாரிஸ் நீதிமன்றத்தின் எழுத்தர் க்ளெமான் த ஃபோகாம்பெர்க் தம் பதிவேட்டின் ஓரத்தில் கொடியும் வாளும் ஏந்திய ஒரு பெண்ணைக் கிறுக்கி வைத்தார். அவர் ஜோனைக் கண்டதில்லை; ஆகவே நீண்ட கூந்தலும் பெண்ணுடையுமாக வரைந்தார். அந்த வேளையில் அவளோ முடியை வெட்டி, ஆணுடையில் இருந்தாள். விசாரணையில் அவளுடைய உருவப்படங்கள் பற்றியும் கேட்டார்கள். ஆராஸ் நகரில் ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் கையில் ஒரு படம் பார்த்ததாகவும், அதில் தான் கவசமணிந்து ஒரு முழங்காலில் நின்று அரசனிடம் கடிதம் கொடுப்பதுபோல் வரையப்பட்டிருந்ததாகவும் அவள் சொன்னாள். ஆகவே அவளைக் கவசத்தில் வரையும் வழக்கம் அவள் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1854-இல் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் தீட்டி இப்போது லூவ்ரில் இருக்கும் ஓவியத்தில், ரெம்ஸ் தேவாலயத்தின் பீடத்தருகே பளபளக்கும் கவசத்தில், தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு அவள் நிற்கிறாள். உலோகத்தையும் துணியையும் தீட்டுவதில் ஆங்க்ர் பெரும் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த ஜோனுக்கு அச்சம் என்ற ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. மிகவும் அஞ்சினேன் என்று தானே சொன்ன பெண்ணை அந்தப் படத்தில் தேடினால் கிடைக்கமாட்டாள்.

பாஸ்தியன்-லெபாஜ் 1848-இல் வெர்டன் நகருக்கு வடக்கே உள்ள டாம்வில்லேர் என்ற ஊரில் பிறந்தவர். அதுவும் லொரேன் பகுதிதான். பாரிஸில் கபனெல் என்ற ஓவியரிடம் பயின்றுகொண்டிருந்தவரை, ஜெர்மானிய அரசான பிரஷ்யாவுடன் 1870-இல் மூண்ட போர் இழுத்துக்கொண்டது. அதில் அவர் காயமடைந்தார். 1871 மே மாதம் கையெழுத்தான ஃப்ராங்க்பர்ட் உடன்படிக்கையின்படி அல்சாஸும் லொரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனிக்குப் போயின. டோம்ரெமியும் டாம்வில்லேரும் பிரான்ஸிலேயே நின்றாலும், லொரேன் துண்டானது துண்டானதுதான். அந்தத் தோல்விக்குப் பிறகு லொரேன் மண்ணில் பிறந்து அந்நியப் படையை விரட்டப் புறப்பட்ட ஜோன், பிரெஞ்சுக்காரர்களுக்கு மீண்டும் உயிர்பெற்று வந்தாள். அரசையும் திருச்சபையையும் போற்றியவர்கள் அவளைத் தங்களவள் என்றார்கள். குடியரசை விரும்பியவர்களோ, அரசனால் கைவிடப்பட்டுக் குருமார்களால் எரிக்கப்பட்ட மக்களின் மகள் என்றார்கள். நாடெங்கும் அவளுக்குச் சிலைகள் எழுந்த அந்தக் காலத்தில்தான், 1875 முதல், பாஸ்தியன்-லெபாஜ் அவளுக்கான முன்வரைவுகளைத் தொடங்கினார்.

போரில் காயம் பட்ட ஒருவர், தன் மாநிலம் பறிபோனதைப் பார்த்த ஒருவர், பழிவாங்கும் வேட்கை மிகுந்திருந்த ஒரு காலத்தில், வாளோங்கிய ஜோனைத் தீட்டியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவரோ வாளை மிக்கேலின் கையில் விட்டுவிட்டு ஜோனை வெறுங்கையோடு நிறுத்தினார். ஜோனும் விசாரணையில் தன் வாளைவிடக் கொடியையே நாற்பது மடங்கு விரும்பியதாகவும், யாரையும் கொல்லாமல் இருப்பதற்காகவே கொடியைத் தானே ஏந்தியதாகவும், தான் யாரையும் கொன்றதில்லை என்றும் சொல்லியிருக்கிறாள் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1880-ஆம் ஆண்டின் பாரிஸ் சலோன் கண்காட்சியில் இந்த ஓவியம் வைக்கப்பட்டபோது எழுந்த பெரிய சச்சரவு புனிதர்களைப் பற்றியது. செடியையும் சுவரையும் பாவாடையையும் கண்ணால் கண்டபடி தீட்டும் இயற்கைவாத ஓவியர் ஒருவர், யாரும் கண்ணால் காண முடியாத உருவங்களை அதே தோட்டத்தில் ஏன் மிதக்கவிட வேண்டும் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். ஜோனின் முகத்திலேயே அத்தனையும் இருக்கும்போது அந்த உருவங்கள் வேண்டாத சேர்க்கை என்ற கருத்து இன்று வரை சொல்லப்படுகிறது. முதல் பார்வையில் அது நியாயமாகவே படும். அந்த மூவரையும் கையால் மறைத்துப் பார்த்தால் ஓவியம் இன்னும் ஒருமைப்பட்டுத் தெரியும் என்பதையும் மறுக்க மாட்டேன்.

ஆனாலும் அந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் அதே விசாரணை ஏடுகளில் இருக்கிறது. நீதிபதிகள் நாள்கணக்கில் அவளைக் கேட்டது இந்தப் புனிதர்களைப் பற்றித்தான். அவர்கள் எப்படித் தோன்றினார்கள், அவர்களுக்குத் தலைமுடி உண்டா, என்ன உடுத்தியிருந்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். மிக்கேல் ஆடையின்றித் தோன்றினாரா என்ற கேள்விக்கு, அவருக்கு உடுத்தக் கொடுக்கக் கடவுளிடம் ஒன்றும் இல்லை என்றா நினைக்கிறீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். மார்கரெட் ஆங்கிலத்தில் பேசினாரா என்றதற்கு, ஆங்கிலேயர் பக்கம் இல்லாதவர் ஏன் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்றாள். அவள் கண்டதையும் கேட்டதையும் பொய் என்றோ பேயின் வேலை என்றோ நிறுவுவதே அந்த விசாரணையின் நோக்கம். அந்தக் குரல்களை அவள் மறுக்காததே 1431 மே 30 அன்று ருவான் சந்தைச் சதுக்கத்தில் அவளை எரித்ததற்கான காரணங்களுள் ஒன்று. அப்படியிருக்க, அந்த உருவங்களை நீக்கிவிட்டு முகத்தை மட்டும் தீட்டியிருந்தால், ஏதோ ஒரு மயக்கத்தில் இருக்கும் கிராமத்துப் பெண்ணை வெளியிலிருந்து நோக்கும் ஓவியமாக அது ஆகியிருக்கும். அவள் உயிரைக் கொடுத்து நின்ற சாட்சியத்துக்கு அதில் இடமிருந்திருக்காது.

பாஸ்தியன்-லெபாஜ் செய்த தீர்வு நுட்பமானது. புனிதர்களை அவர் தீட்டினார்; ஆனால் அவர்களை அவளுடைய பார்வையில் வைக்கவில்லை, முதுகுப்புறம் வைத்தார். அவள் அவர்களைக் காணவில்லை, கேட்கிறாள். நாம் அவர்களைக் காண்கிறோம், கேட்கவில்லை. அவளுக்குக் கிடைத்ததும் நமக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிட நேர்மையாக ஓர் ஓவியத்தில் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அந்தத் தோட்டத்தின் செடிகள் அந்த உருவங்களின் ஊடாகவே தெரிகின்றன. கூர்ந்து பார்க்காவிட்டால் மிக்கேலின் பொன்னிறத்தை இலைகளில் விழுந்த வெயில் என்றே எண்ணிவிடலாம். நம்புபவரும் நம்பாதவரும் ஒரே துணியின் முன் நின்று தத்தம் பார்வையோடு பார்க்க இதனால் இடம் கிடைக்கிறது. முகத்தைக் கைகளில் புதைத்திருக்கும் அந்தப் பெண் புனிதரும் எனக்கு முக்கியமானவர். அழைக்க வந்தவரே அழுகிறார் என்றால், இந்த அழைப்பு எங்கே போய் முடியும் என்பது அவருக்குத் தெரியும்.

இதே ஓவியர் 1877-இல் தீட்டி இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் வைக்கோல் அறுவடை ஓவியத்தில், களைத்துப்போன ஒரு உழவுப் பெண் வயலில் உட்கார்ந்து வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையில் உழைப்பின் அயர்வைத் தவிர வேறெதுவும் இல்லை. அதற்கும் முன்பு, 1875-இல், இளம் ஓவியர்களுக்கான ரோம் பரிசுப் போட்டிக்காக, இடையர்களுக்கு வானதூதர் நற்செய்தி அறிவிக்கும் காட்சியை அவர் தீட்டியிருந்தார். அந்தப் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. தோற்றுப்போன போட்டி ஓவியத்தின் வானதூதரும், வயலில் உட்கார்ந்த பெண்ணின் வெறித்த கண்களும் ஜோனில் ஒன்றுசேர்ந்தன என்று நான் எண்ணுகிறேன். ஏழை எளியவர்களிடம் வானத்திலிருந்து செய்தி வருகிறது என்ற பழைய கதையை நம்பக்கூடியதாக ஆக்க, முதலில் அந்த எளியவரின் உடலையும் உடையையும் கையின் கரடுமுரட்டையும் உண்மையாகத் தீட்ட வேண்டும் என்பதை அவர் இடைப்பட்ட ஆண்டுகளில் கற்றுக்கொண்டிருந்தார். உழவர் குடும்பத்தில் வளர்ந்தவர், டாம்வில்லேரில் தங்கியே ஜோன் ஓவியத்தில் உழைத்தவர் என்பதால் அது அவருக்கு இயல்பாகவும் வந்திருக்கிறது.

1880 சலோனின் மிக உயர்ந்த பரிசான மதிப்புப் பதக்கம் அவருக்குக் கிட்டவில்லை. அது ஏமே மொரோவின் நல்ல சமாரியன் ஓவியத்துக்குச் சென்றது. ஜோன் ஓவியத்தை அமெரிக்கச் சேகரிப்பாளர் எர்வின் டேவிஸ் வாங்கினார். பாஸ்தியன்-லெபாஜின் நண்பரான அமெரிக்க ஓவியர் ஆல்டன் வியர்தான் டேவிஸுக்கு ஓவியங்களைத் தேர்ந்தெடுப்பதில் வழிகாட்டியவர். 1889-இல் டேவிஸ் அதை மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தார். பிரெஞ்சு ஓவியர் மனேயின் இரண்டு ஓவியங்களும் அதே நன்கொடையில் அங்கு சேர்ந்தன. ஓவியரோ அதைக் காண இல்லை. 1884 டிசம்பரில், புற்றுநோயால், முப்பத்தாறு வயதில் பாரிஸில் இறந்துபோயிருந்தார். ஜோனைத் திருச்சபை புனிதராக அறிவித்தது 1920 மே மாதத்தில்தான். ஆகவே பாஸ்தியன்-லெபாஜ் தீட்டியபோது அவள் பீடத்தில் வைக்கப்பட்ட புனிதர் அல்லள். பக்கத்து மாவட்டத்து உழவர் வீட்டுப் பெண். அந்த நெருக்கத்தோடுதான் அவர் அவளை அணுகினார். ஒளிவட்டம் இல்லாமல் அவளைத் தீட்டும் துணிவும் அந்த நெருக்கத்திலிருந்தே வந்திருக்க வேண்டும்.